லிண்டாவின் ஊரிலிருந்து கீத்தோ வரை

சனி, ஜூலை 26, 2025. காலி நகரம், கொலம்பியா

விமானம் தாழும்போது ஜன்னலில் முதலில் தெரிந்தது கரும்பு. கண்ணுக்கு எட்டிய மட்டும் கரும்புதான். காலி நகரத்துக்கான விமான நிலையம் பால்மிரா என்கிற பக்கத்து ஊரில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. நான் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவள். வெளியே வந்ததும் சோகை எரிந்த வாடை மூக்கில் ஏறியது. இரண்டு நாள் பயணக் களைப்பும் அந்த ஒரு வாடையில் போய்விட்டது.

தம்பி பொகோட்டாவில் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்பானிஷ் நன்றாகப் பேசுகிறான். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு எனக்காக வந்திருக்கிறான். கொலம்பியா, எக்வடோர் இரண்டு விசாவும் கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பயணத்தைப் பற்றி வெளியே சொன்னேன். சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: கொலம்பியப் பெண்கள் கால்பந்து அணியைப் பார்க்க அவ்வளவு தூரமா?

காரணம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2022 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பை நேருல், டி.ஒய். பாட்டீல் மைதானம். 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டம், ஸ்பெயினும் கொலம்பியாவும். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தோம். கொலம்பியாவின் இடது ஓரத்தில் ஒரு பெண் பந்தோடு கிளம்பினால் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அவள்தான் லிண்டா கைசேதோ. 82ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது கொலம்பியாவின் அனா மரியா குஸ்மான் காலில் பட்ட பந்து சொந்த வலைக்குள்ளேயே போய்விட்டது. ஸ்பெயின் 1, கொலம்பியா 0. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மகள் அழுதாள். தோற்ற அணிக்காக அல்ல, குஸ்மான் என்கிற அந்த ஒரு பெண்ணுக்காக. "அவ இனிமே எப்படிம்மா விளையாடுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒன்பது மாதம் கழித்துப் பதில் கிடைத்தது. 2023 ஆகஸ்ட், மெல்போர்ன், பெரியவர்களுக்கான உலகக் கோப்பை. ஜமைக்காவுக்கு எதிராக இடது பக்கத்திலிருந்து நீளமாக ஒரு பந்து வளைந்து வந்தது. கத்தலினா உஸ்மே அதை வாங்கி கோல் அடித்தார். கொலம்பியப் பெண்கள் உலகக் கோப்பையில் முதல்முறையாகக் காலிறுதிக்குப் போனது அந்தக் கோலால்தான். பந்தைக் கொடுத்தது குஸ்மான். அன்று எங்கள் வீட்டில் நடந்த ஆட்டத்தைக் கீழ்வீட்டுக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து இது எங்கள் அணி. மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, பரீட்சை நேரம், வர முடியவில்லை. தினமும் எழுதி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் என்னை விட்டாள். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

எக்வடோரின் தலைநகரம் கீத்தோவில், தென் அமெரிக்க நாடுகளுக்கான பெண்கள் கோப்பையான கோப்பா அமெரிக்கா நடந்துகொண்டிருக்கிறது. நேற்று கொலம்பியா பிரேசிலோடு 0-0. பிரேசிலின் கோல்கீப்பர் லொரேனா சிவப்பு அட்டை வாங்கி முதல் பாதியிலேயே வெளியேறியும், பத்துப் பேரை நம்மவர்களால் உடைக்க முடியவில்லை. ஆனாலும் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை அர்ஜென்டினா.

ஞாயிறு, ஜூலை 27. வியாகொர்கோனா

காலையில் பாந்தெபோனோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட உருண்டை ரொட்டி. சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் வேறு பண்டமாகிவிடுகிறது.

கௌகா ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனால் கந்தெலாரியா வட்டாரம். அதற்குள் ஒரு சின்ன ஊர் வியாகொர்கோனா. 2005 பிப்ரவரியில் லிண்டா பிறந்த ஊர். வழி நெடுக இரண்டு பக்கமும் கரும்பு. இங்கே கரும்பு ஏற்றும் லாரியை 'கரும்பு ரயில்' என்கிறார்கள். ஒரு இழுவை வண்டிக்குப் பின்னால் நாலைந்து பெரிய கூண்டுப் பெட்டிகள். அதை முந்துவதற்குள் டிரைவர் இரண்டு முறை சிலுவை போட்டுக்கொண்டார். நம் ஊரில் டிராக்டருக்குப் பின்னால் ஓடிப் போய்க் கரும்பு உருவிய என் சின்ன வயசுத் தோழிகளை நினைத்துக்கொண்டேன். இங்கே அப்படி ஓட முடியாது.

லிண்டாவின் வீடு எது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அவள் அப்பா அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகக் கழியட்டும். ஊரைப் பார்த்தால் போதும் என்றுதான் வந்தோம். வெயிலில் காய்ந்த தெருக்கள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள், எங்கேயோ ஒரு வீட்டில் சத்தமாக சல்சா. ஒரு திடலில் பையன்களும் பெண்பிள்ளைகளும் கலந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். லிண்டாவும் இப்படிப் பையன்களோடு சேர்ந்து விளையாடித்தான் கற்றுக்கொண்டாள். எதிரில் நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டு மற்ற பக்கம் நழுவுகிற அந்தத் திறமை, மேடு பள்ளமான இந்த மண்ணில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இது என் எண்ணம்.

திடலுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த அம்மாவிடம் லுலாதா வாங்கிக் குடித்தோம். லுலோ என்கிற புளிப்புப் பழத்தை நசுக்கி, ஐஸும் சர்க்கரையும் போட்டுத் தருகிற பானம். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், லிண்டா அங்கே ஆடியதை நேரில் பார்த்திருக்கிறேன் என்று தம்பி மொழிபெயர்த்ததும், அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். "எங்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஊரே ஜெபம் செய்தது" என்றார்.

அவர் சொன்னது 2020இல் நடந்தது. லிண்டாவுக்குப் பதினைந்து வயது. கருப்பையின் அருகே சினைப்பையில் புற்றுநோய். அதற்கு முந்தைய வருடம்தான் பதினான்கு வயதில் 'அமெரிக்கா தெ காலி' என்கிற உள்ளூர் கிளப் அணிக்காக லீக் கோப்பை வென்று, தேசிய அணியிலும் முதல்முறை களம் இறங்கியிருந்தாள். அறுவை சிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் கீமோதெரபி. இனி பந்தாட்டம் இல்லை என்று தனக்கே தோன்றியதாக அவளே பின்னாளில் சொல்லியிருக்கிறாள். 2021இல் தெபோர்த்திவோ காலி அணிக்காக மறுபடியும் லீக் கோப்பை. 2022இல் கோப்பா அமெரிக்காவின் சிறந்த வீராங்கனை. 2023இல் ரியல் மாட்ரிட். நான் நேருலில் எழுந்து நின்று கைதட்டியபோது இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.

சாயங்காலம் காலி நகரத்தில் தெருவோரம் சோந்தாதூரோ சாப்பிட்டோம். ஒருவகைப் பனையின் பழம், வேகவைத்துத் தோலுரித்து உப்பும் தேனும் போட்டுத் தருகிறார்கள். பசிபிக் கரையிலிருந்து வந்து குடியேறிய ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். ஒரு கடி கடித்ததும் பனங்கிழங்கு ஞாபகம் வந்தது. அதே மாவுத்தன்மை, அதே மாதிரி தொண்டையை அடைக்கிறது.

திங்கள், ஜூலை 28. காலி நகரம், இரவு வெகு நேரம்

கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் தூங்கப்போகிறேன்.

நாங்கள் தங்கியிருக்கும் தெருமுனையில், நம் சோமாசி மாதிரியான எம்பனாதா பொரித்து விற்கும் ஒரு கடை. சுவரில் டிவி, பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இள வயதில் தானும் ஆடியவர். "அப்போ எங்களுக்கு லீக்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆண்கள் ஆடி முடிச்சிட்டுப் போன திடல்ல இருட்டுற வரைக்கும் ஆடுவோம்" என்றார். கொலம்பியாவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் வந்ததே 2017இல்தான். முதல் வருட இறுதியாட்டத்துக்கு பொகோட்டாவின் எல் காம்பின் மைதானத்தில் 33,000 பேருக்கு மேல் வந்தார்கள். பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டவர்களுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

ஆனாலும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 2018இல் கொலம்பிய கிளப்பான அத்லெத்திகோ ஹுய்லாவின் பெண்கள் கோப்பா லிபெர்தாதோரெஸ் வென்றார்கள். கண்டத்தின் மிகப் பெரிய கிளப் கோப்பை. பரிசு 55,000 டாலர். அந்தப் பணம் கிளப்பின் ஆண்கள் அணிக்குப் போகிறது என்று அந்த அணி வீராங்கனை யொரெலி ரின்கோன் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் நாடே கொதித்தது. 2019இல் தேசிய அணி வீராங்கனைகள், எங்களுக்குச் சம்பளம் இல்லை, விமான டிக்கெட்டுக்குக்கூடக் கைக்காசு போடுகிறோம் என்று வெளியே வந்து பேசினார்கள். பேசியவர்களில் பலருக்கு அதற்குப் பின் அழைப்பு வரவில்லை. 2022இல் கோப்பா அமெரிக்கா கொலம்பியாவிலேயே நடந்தபோது, அந்த வருடத்தின் இரண்டாம் பாதியில் பெண்கள் லீக் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது வீராங்கனைகள் கை முஷ்டியை உயர்த்தி நின்றார்கள். அப்படி நின்றவர்கள்தான் இறுதியாட்டம் வரை போனார்கள். அந்த அம்மா எம்பனாதாவைப் பொரித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னார். குரலில் கோபம் இருந்தது, கை மட்டும் நிற்கவில்லை.

ஆட்டம் நெருக்கமானது. அர்ஜென்டினா குழுவில் நாலு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு வந்த அணி. கோலே விழவில்லை. பெனால்ட்டி. கடையில் யாரும் உட்காரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டார் அந்த அம்மா. 5-4 என்று முடிந்ததும் தெரு முழுக்க பைக் ஹாரன். இறுதியாட்டத்துக்கு வந்த இரண்டு அணிக்கும் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இடம் உறுதி. கொலம்பியா அங்கே போகிறது!

மகளுக்கு போன் போட்டேன். அங்கே காலை. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் பேசினாள். "அம்மா, நீ பாக்கும்போது ஜெயிச்சுட்டாங்க!"

புதன், ஜூலை 30. காலி, பொகோட்டா, கீத்தோ

தரைவழியாகப் போக எனக்கு ஆசை இருந்தது. போப்பயான், பாஸ்தோ, இப்பியாலெஸ், அப்புறம் எல்லைப் பாலம் தாண்டி துல்கான். மலைப்பாதை அழகு என்று கேள்வி. ஆனால் கௌகா மாநிலத்தில் போன மாதம் தொடர்ந்து குண்டுவெடிப்புகள். உள்ளூர்க்காரர்களே வேண்டாம் என்றார்கள். விமானத்தில் வந்துவிட்டோம். நேற்று பிரேசில் உருகுவேயை 5-1 என்று வென்றுவிட்டது.

வியாழன், ஜூலை 31. கீத்தோ

நாள் முழுக்கப் படுக்கை. கீத்தோ கடல்மட்டத்திலிருந்து 2,850 மீட்டர். ஊட்டியைவிட அறுநூறு மீட்டர் உயரம். இரண்டு மாடி ஏறினதும் தலை பிளந்துவிடும் போல வலி. சொரோச்சே என்கிறார்கள் இங்கே, உயரத்தால் வருகிற நோய்க்குத் தனிப் பெயரே இருக்கிறது. விடுதிக்காரப் பெண் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுக் கொதிக்கவைத்த லோக்ரோ சூப்பைக் கொண்டுவந்து கொடுத்தார், மேலே ஒரு துண்டு அவகாடோ. அதைக் குடித்த பிறகுதான் உட்கார முடிந்தது. இந்தக் காற்றில் மூன்று வாரமாகத் தொண்ணூறு நிமிடம் ஓடுகிறார்கள் அந்தப் பெண்கள். அதுவும் போட்டி தொடங்கியபோது, மைதானத்தில் இறங்கி உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ளக்கூட விடவில்லை. இரண்டு அணியும் ஒரு சின்ன அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பயிற்சி செய்தார்கள். பிரேசிலின் ஆரி போர்ஜெஸ் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் விதி மாறியது. ஆண்களுக்கான கோப்பா அமெரிக்காவில் இப்படி ஒரு அறையை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெள்ளி, ஆகஸ்ட் 1. கீத்தோ

தலைவலி போய்விட்டது. பழைய நகரத்தில் மெதுவாக நடந்தோம், வெள்ளைச் சுவர்கள், தலைக்கு மேலே பிச்சிஞ்சா மலை. மெட்ரோவில் 45 சென்ட் கொடுத்து வடக்கே கடைசி நிலையமான எல் லாப்ரதோர் வரை போய், நாளைக்கு வழி எப்படி என்று பார்த்துவிட்டு வந்தோம். இணையத்தில் வாங்கிய டிக்கெட்டில் ஒன்றுக்கு மட்டும் க்யூஆர் கோடு வரவில்லை. இரண்டு மணி நேரம் போனில் காத்திருந்து வாங்கினான் தம்பி.

சனி, ஆகஸ்ட் 2. காசா பிளாங்கா மைதானம்

மெட்ரோவில் இறங்கி, பேருந்து மாறி, மைதானத்தை நெருங்க நெருங்க எல்லாமே மஞ்சள். கொலம்பியாவின் சட்டை மஞ்சள், பிரேசிலின் சட்டை மஞ்சள், நடத்துகிற எக்வடோரின் சட்டையும் மஞ்சள். யார் யாருக்காக வந்திருக்கிறார்கள் என்று வாய் திறந்தால்தான் தெரியும். எங்களுக்குப் பக்கத்தில் இப்பியாலெஸிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பாட்டியும் பேத்தியும். பாட்டி கம்பளிப் போர்வையில் பாதியை என் முழங்காலில் போர்த்திவிட்டார். கேட்கவே இல்லை.

பிரேசிலிடம் இதற்கு முன் மூன்று முறை இரண்டாம் இடத்தோடு திரும்பியவர்கள் நம்மவர்கள். 2010, 2014, 2022. பிரேசிலைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. 1941 முதல் 1979 வரை பெண்கள் பந்தாடுவதையே சட்டம் போட்டுத் தடுத்த நாடு அது. அங்கிருந்து வந்த நட்சத்திர வீராங்கனை மார்த்தா முப்பத்தொன்பது வயதில் இன்று மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

25ஆவது நிமிடம் லிண்டா கோல். பாட்டி எழுந்து ஆடினார். முதல் பாதியின் கடைசியில் பிரேசிலுக்கு பெனால்ட்டி, ஏஞ்சலினா சமன் செய்தார். 69இல் பிரேசிலின் தார்சியானே கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்த பந்து சொந்த வலைக்குள் உருண்டது. சுற்றியிருந்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். என்னால் கைதட்ட முடியவில்லை. நேருல் ஞாபகம் வந்துவிட்டது. 2-1. 80இல் அமாண்டா குட்டியெரெஸ், 2-2. 88இல் மாய்ரா ராமிரெஸ் அடித்தார், 3-2.

இன்னும் சில நிமிடம். கோப்பை கண்ணுக்கு முன்னால். பேத்தி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டாள். 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்துக் கொடுத்ததில் ஆறாவது நிமிடம். கடைசியில் உள்ளே வந்திருந்த மார்த்தா பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தார். பந்து மேல் மூலைக்குப் போனது. மைதானத்தில் ஒரு நொடி சத்தமே இல்லை. பாட்டி "மார்த்தா" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. எப்போதோ எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்ட மாதிரி சொன்னார்.

மேலும் அரை மணி நேரம் ஆட்டம். 105இல் மறுபடி மார்த்தா, 4-3. இன்றைக்கு முதல்முறையாக பிரேசில் முன்னே போனது. கால்கள் இழுக்க ஆரம்பித்துவிட்டன, இரண்டு பக்கமும் தசைப்பிடிப்பில் விழுந்து எழுந்தார்கள். 115ஆவது நிமிடம் ஃப்ரீ கிக். லெய்ஸி சான்டோஸ் பந்தை வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். சுவருக்கு மேலே வளைந்து வலைக்குள். 4-4. நான் தமிழில் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தம்பிக்கும் தெரியவில்லை.

இருட்டிவிட்டது. குளிர். பெனால்ட்டி. பிரேசில் ஜெயிப்பதற்கான உதையை எடுக்க வந்தது மார்த்தா. கேத்தரின் தாப்பியா பாய்ந்து தடுத்தார். மார்த்தாவையே தடுத்துவிட்டார்! இனி நமதுதான் என்று முழு நம்பிக்கை வந்தது எனக்கு. பிறகு பிரேசிலின் லுவானி, கோல். கொலம்பியாவுக்கு ஜொரெலின் கரபாலி. எதிரே நின்றது லொரேனா, எட்டு நாள் முன்னால் சிவப்பு அட்டையோடு தலை குனிந்து போன அதே லொரேனா. தடுத்துவிட்டார்.

5-4. பிரேசிலுக்கு ஒன்பதாவது கோப்பை.

எங்கள் இருக்கையிலிருந்து கரபாலியின் முகம் தெரியவில்லை. பின்காப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று ஆடியவர். முதுகில் இருந்த எண் மட்டும் தெரிந்தது. பாட்டி போர்வையை மடித்தார். பேத்தி வாய்விட்டு அழுதாள். "வா கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பது போல ஏதோ சொன்னார் பாட்டி. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு, ஆகஸ்ட் 3. கீத்தோ விமான நிலையம்

நேற்று இரவு அறைக்கு வந்து போனைப் பார்த்தால் மகளிடமிருந்து பதினெட்டு செய்திகள். விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மார்த்தா கோலுக்கு அழுகிற முகம், லெய்ஸிக்கு இதயம், தாப்பியாவுக்கு வரிசையாகக் கைதட்டல். கடைசிச் செய்தியில் எழுத்து எதுவும் இல்லை, ஒரு வீடியோ மட்டும். திறந்து பார்த்தேன். மெல்போர்ன், ஜமைக்கா ஆட்டம். இடது பக்கத்திலிருந்து குஸ்மான் கொடுத்த அந்த நீளமான பந்து.

மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன். தம்பியும் எட்டிப் பார்த்தான்.

காலையில் போனில் பேசியபோது அவள் ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "கரபாலிக்கு எத்தனை வயசும்மா?" என்றாள். இருபத்தெட்டு என்றேன். அடுத்த உலகக் கோப்பை 2027இல். பிரேசிலில். அப்போது அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருக்கும். நான் போனை வைப்பதற்குள் தம்பி பிரேசில் விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று தேட ஆரம்பித்துவிட்டான்.